ரிங்லெட் ஏரியை யார் அளப்பது?

தாப்பாவிலிருந்து பழைய மலைப்பாதை வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுவோர், ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஓர் ஏரியைக் காண்பர். அதன் பெயர் சுல்தான் அபு பாக்கார் ஏரி. உள்ளூர் மக்களுக்கு அது ரிங்லெட் ஏரி. சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். வெயில் நாளில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். பெருமழைக்கு மறுநாள் பார்த்தால் ஏரி முழுவதும் தேநீர் நிறம். அதுவும் பால் அதிகம் ஊற்றிய தேநீர். கரையோரம் மண்வாரி இயந்திரங்கள் சேற்றை அள்ளும். லாரிகள் அதை ஏற்றிச் செல்லும். அடுத்த மழைக்கு மீண்டும் சேறு வந்து சேரும்.

இந்த ஏரியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "எப்போது தூர்வாரி முடிப்பார்கள்?" என்றே பலரும் கேட்கின்றனர். தூர்வாரத்தான் வேண்டும். ஆயினும், அதைவிட முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. மலையின் உச்சியில் ஊறும் நீர் ஏரிக்கு வந்து சேரும்வரை, எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு கெடுகிறது? இதற்கு மலைவாழ் மக்களின் கையில் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடும் வேலையில் கேமரன் மலையின் பள்ளிகளும் தோட்டங்களும் பங்கெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் ஏரியின் கதையைத் தெரிந்துகொள்வோம். இது இயற்கையாக அமைந்த ஏரி அன்று. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே ஏறக்குறைய 40 மீட்டர் உயர அணை கட்டப்பட்டு, 1963-ஆம் ஆண்டில் உருவான நீர்த்தேக்கம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,070 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே ஓடும் தெலோம் ஆற்றின் நீரையும் மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் திருப்பி இதில் சேர்த்தார்கள். தேங்கிய நீர் மற்றொரு நீண்ட சுரங்கத்தின் வழியாகப் பேராக் மாநிலத்தில் உள்ள ஜோர் மின்நிலையத்திற்குச் செல்கிறது. 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து இறங்கும் அந்த நீரின் வேகத்தில் 100 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கலாம். இயற்கையின் போக்கில் விட்டிருந்தால் இந்த நீர் ஜெலாய் ஆற்றிலும் பகாங் ஆற்றிலும் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போயிருக்கும். இப்போது பாத்தாங் பாடாங் ஆற்றின் வழியே மலாக்கா நீரிணையை நோக்கிப் போகிறது. கேமரன் மலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதியை மனிதன் திசைமாற்றி, மலைத்தொடரின் மறுபக்கத்திற்கு அனுப்பிவிட்டான்!

ஏரி முழுமையாக நிறைந்தால் சுமார் 67 லட்சம் கனமீட்டர் நீரைத் தாங்கும் என்று கட்டும்போது கணக்கிட்டார்கள். எந்த நீர்த்தேக்கத்திலும் அடிப்பகுதியைச் சேறு தங்குவதற்கென்று ஒதுக்கி வைப்பது பொறியாளர்களின் வழக்கம். சுரங்கத்தின் வாய் அதற்கு மேலே இருக்கும். ரிங்லெட் ஏரியில் அந்த ஒதுக்கீடு எப்போதோ நிரம்பிவிட்டது. சேறு, நீருக்குரிய இடத்தையும் பிடித்துக்கொண்டது. பாத்திரத்தில் பாதி மண் இருந்தால் எவ்வளவு நீர் ஊற்ற முடியும்?

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அணை கட்டும் திட்டத்திற்காக மத்திய மின்சார வாரியம் கேமரன் மலை ஆறுகளை முன்கூட்டியே அளந்து பார்த்தது. 1956-ஆம் ஆண்டில் வெளியான அந்த அறிக்கை ஒரு முக்கியமான உண்மையைப் பதிவு செய்தது. காடு பெரும்பாலும் அழியாமல் இருந்த தெலோம் ஆற்றுப் பகுதியைவிட, தோட்டங்களும் குடியிருப்புகளும் வந்துவிட்ட பெர்த்தாம் ஆற்றுப் பகுதியிலிருந்து பல மடங்கு அதிகமான வண்டல் அடித்து வரப்பட்டது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஆறுகள். பெய்வதும் ஏறக்குறைய ஒரே மழை. வேறுபாடு, மண்ணின் மேல் என்ன இருக்கிறது என்பதில்தான். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அளந்து அறிந்த செய்தி இது. அறிந்ததை வைத்து நாம் என்ன செய்தோம் என்பது தனிக் கேள்வி.

ஆற்றில் ஓடும் நீரையும் ஏரியில் தேங்கும் நீரையும் கண்ணால் காண்கிறோம். கேமரன் மலையின் பெரிய நீர்ச்சேமிப்போ கண்ணுக்குத் தெரியாது. அது நம் காலடியில் இருக்கிறது.

இம்மலையின் அடிப்பாறை பெரும்பாலும் கருங்கல். பல லட்சம் ஆண்டுகளாக வெப்பமும் மழையும் அந்தப் பாறையின் மேற்பகுதியை இளக்கி, பல மீட்டர் ஆழத்திற்கு மண்ணாகவும் உதிர்ந்த கல்லாகவும் மாற்றியிருக்கின்றன. காட்டில் விழும் மழை முதலில் இலைகளில் தங்கும். பிறகு சருகில் சொட்டும். அதன்பின் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். பிரிஞ்சாங் மலையுச்சியில் இருக்கும் பாசிக்காடு மழையில்லாத நாளிலும் மூடுபனியைப் பிடித்துத் துளித்துளியாக மண்ணுக்குக் கொடுக்கிறது. இப்படி உள்ளே போன நீர் பாறையின் வெடிப்புகளிலும் இளகிய மண்ணிலும் தங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நகர்ந்து, சரிவின் கீழே எங்கோ ஓர் ஊற்றாக வெளிப்படும். மழை குறைந்த மாதங்களிலும் ஓடைகள் வற்றாமல் ஓடுவது இதனால்தான். அதாவது, வறண்ட மாதத்தில் ஆற்றில் நாம் காணும் நீர் உண்மையில் நிலத்தடி நீரே. ஆறும் ஏரியும் ஊற்றும் வெவ்வேறு அல்ல.

நான் பிறந்து வளர்ந்தது இம்மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயத்திற்குப் பின்னால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஓர் ஊற்று இருந்தது. மூங்கிலைப் பிளந்து நீரை வழிநடத்தியிருந்தார்கள். பிறகு ரப்பர் குழாய் வந்தது. என் பாட்டி அங்குதான் குடம் வைப்பார். "மழ நின்னு மூணு மாசம் ஆனாலும் இது நிக்காதுடா" என்பார். குடம் நிறைவதற்கும் அவர் ஒரு வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொள்வதற்கும் நேரம் சரியாக இருக்கும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எல்லைக்கு அப்பால் இருந்த காட்டுச் சரிவை யாரோ சமப்படுத்திக் காய்கறி பயிரிட்டார்கள். சில ஆண்டுகளில், பாட்டி வெற்றிலையை மென்று முடித்த பிறகும் குடத்தருகே நின்றுகொண்டிருந்தார். ஊற்று எந்த ஆண்டில் குறையத் தொடங்கியது? எவ்வளவு குறைந்தது? காட்டை வெட்டியதுதான் காரணமா, அந்த ஆண்டுகளில் மழையே குறைவாகப் பெய்ததா? என்னால் சொல்ல முடியாது. யாரும் அளக்கவில்லை.

இப்போது அந்தச் சரிவில் நெகிழிக் கூரைகள் நிற்கின்றன. கேமரன் மலையில் காய்கறி, பூ, ஸ்ட்ராபெர்ரி பயிரிடுவோர் பலரும் மழையிலிருந்து பயிரைக் காக்க இக்கூரைகளைப் போடுகிறார்கள். பயிருக்கு அது நல்லது. ஆனால், ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்யும் மலையில், கூரை மேல் விழுந்த நீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் கால்வாயில் பாய்கிறது. கால்வாய் ஓடையில் பாய்கிறது. ஓடையின் கரை அரிக்கிறது. நிலத்தடியில் சேர்ந்திருக்க வேண்டிய நீர், சேற்றைச் சுமந்துகொண்டு அன்று மாலையே ஏரியில் போய் நிற்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம், வறண்ட மாதத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்ற இரண்டு முறையீடுகளும் ஒரே மலையிலிருந்து எழுவதற்கு இது ஒரு காரணம்.

இவ்வாறு சொல்வதால் காய்கறி விவசாயிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக நினைக்க வேண்டாம். கோலாலம்பூரில் நாம் வாங்கும் முட்டைக்கோசும் தக்காளியும் இங்கிருந்துதான் வருகின்றன. சிங்கப்பூருக்கும் செல்கின்றன. பட்டணங்களில் எழும்பும் தங்கும் விடுதிகளும், அவற்றுக்காக வெட்டப்படும் சரிவுகளும், விடுமுறை நாள்களில் பெருகும் கழிவுநீரும் ஆற்றுக்குத்தான் போகின்றன. குற்றம் யாருடையது என்று வாதிடுவதற்கு முன்னால், எந்தக் கால்வாயிலிருந்து எது எவ்வளவு வருகிறது என்பது தெரிய வேண்டாமா?

"அரசாங்கம் அளக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சுற்றுச்சூழல் துறை நாடு முழுவதும் ஆறுகளின் நீரைச் சோதித்து, நீர்த்தரக் குறியீடு என்ற ஓர் எண்ணால் அதைக் குறிப்பிடுகிறது. 81 முதல் 100 வரை இருந்தால் தூய்மையான ஆறு. 60 முதல் 80 வரை இருந்தால் ஓரளவு மாசுபட்டது. அதற்கும் கீழே இருந்தால் மாசுபட்டது. இந்த எண்ணைக் கணக்கிட ஆறு அளவுகள் தேவைப்படுகின்றன. நீரில் கரைந்துள்ள உயிர்வளி எவ்வளவு, கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் உயிர்வளி எவ்வளவு, வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படுவது எவ்வளவு, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மங்கள், அமில காரத் தன்மை ஆகியவையே அவை. நல்ல முறைதான். நாட்டின் எல்லா ஆறுகளையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட இது உதவுகிறது.

ஆயினும், அந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் பாஸ்பரஸ் இல்லை. நைட்ரேட் இல்லை. பூச்சிக்கொல்லி இல்லை. மலத்தில் இருந்து வரும் கிருமிகளும் இல்லை. நகரத்துக் கழிவுநீரைக் கண்டுபிடிக்க ஏற்ற குறியீடு, உரமும் பூச்சிக்கொல்லியும் கோழி எருவும் பயன்படுத்தப்படும் ஒரு விவசாய மலைக்கு மட்டும் போதாது. அந்த எண்ணின்படி 'தூய்மையானது' என்று சொல்லப்படும் ஓடையில் குடிக்கத் தகாத நீர் ஓடலாம். அவற்றையெல்லாம் தனியே சோதிக்க வேண்டும். கேமரன் மலை ஆறுகளில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ரீச் என்னும் உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பும் ஆண்டுக்கணக்கில் இது குறித்துப் பேசி வருகிறது. நல்ல ஆய்வுகள்தாம். ஆனால், ஆய்வாளர் ஓராண்டு வருவார், மாதிரி எடுப்பார், ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவார். ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு அதன் முடிவு எட்டுவதில்லை.

ஏரிக்குப் பாஸ்பரஸ் ஏன் முக்கியம் என்பதை ஒரு புகழ்பெற்ற சோதனை காட்டியது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், இடுப்பைப் போல நடுவில் குறுகிய ஏரி ஒன்றை 1973-ஆம் ஆண்டில் டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிவியலாளரின் குழு நெகிழித் திரையால் இரண்டாகப் பிரித்தது. இரு பக்கத்திலும் கரிமமும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பாசி படர்ந்து பச்சையாகிவிட்டது. மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த ஒரே ஒரு படம், பக்கம் பக்கமாக எழுதிய அறிக்கைகளைவிட மக்களுக்கு விளங்கியது. பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்துகளில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். ஆகவே, நம் ஏரிக்கு வரும் சேறு வெறும் சேறு அன்று. உரமும் சேர்ந்தே வருகிறது. ரிங்லெட் ஏரியில் ஆகாயத்தாமரை செழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கனடா ஏரிதான் நினைவுக்கு வரும்.

நைட்ரேட்டின் குணம் வேறு. அது நீரில் கரைந்து நேராக நிலத்தடிக்கு இறங்கிவிடும். இலங்கையில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இதை நன்கு அறிவர். அங்கே பெரிய ஆறுகள் இல்லை. கிணற்று நீரே குடிநீர், அதுவே வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் பாய்ச்சும் நீர். நிலத்திற்கு இட்ட உரமும் மலக்குழிகளின் கசிவும் சுண்ணாம்புப் பாறை வழியே விரைவாக இறங்கியதால், பல கிணறுகளில் நைட்ரேட் அளவு பாதுகாப்பான எல்லையைத் தாண்டியது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்கு மிஞ்சினால் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

கேமரன் மலையின் கருங்கல், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் போன்றது அன்று. நீர் இங்கே மெதுவாக நகரும். அது ஆறுதலான செய்தியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெதுவாகக் கெடுவது மெதுவாகத்தான் சரியாகும். இன்று இட்ட உரத்தின் கணக்கை ஊற்று பல ஆண்டுகள் கழித்துத்தான் நம்மிடம் நீட்டும்.

தேயிலைத் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவர் உழைப்பில் வளர்ந்தவை என்பதற்காக அவற்றை விட்டுவிடக் கூடாது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பாரத் போன்ற தோட்டங்களும் வந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டார்கள். தொடக்கத்தில் அந்த மண்ணும் ஆற்றில் ஓடியிருக்கும் என்பதில் ஐயமில்லை. 1956-ஆம் ஆண்டு அறிக்கை பெர்த்தாம் ஆற்றில் கண்ட சேற்றில் தேயிலையின் பங்கும் இருந்திருக்கலாம். ஆனால், வளர்ந்து அடர்ந்த தேயிலை, மண்ணைக் கம்பளம்போல் மூடிக்கொள்கிறது. ஆண்டுதோறும் உழ வேண்டியதில்லை. பல ஆண்டுகளுக்கு வேர் பிடித்து நிற்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை கிளறப்படும் காய்கறி நிலத்தோடு ஒப்பிட்டால், முதிர்ந்த தேயிலைச் சரிவில் மண் அரிப்பு குறைவு.

இதைச் சொல்லிவிட்டுத் தோட்டக்காரர்கள் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால், ஜப்பானின் ஷிசுவோக்கா மாநிலத்தைப் பாருங்கள். அது அந்நாட்டின் பெயர்பெற்ற தேயிலைப் பூமி. பசுமையும் சுவையும் மிகுந்த கொழுந்து வேண்டுமென்று அங்கே பல்லாண்டுகள் நைட்ரஜன் உரத்தை மிக அதிகமாக இட்டார்கள். மண்ணரிப்பு இல்லை, நீரும் தெளிவாகவே இருந்தது. ஆனால், தேயிலை நிலங்களைச் சுற்றியிருந்த நிலத்தடி நீரிலும் குளங்களிலும் நைட்ரேட் ஏறியது. சில குளங்களின் நீர் அமிலத் தன்மை அடைந்தது. அளந்து பார்த்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. உரத்தின் அளவைக் குறைக்கும் முயற்சிகளும் அதன் பின்னரே தொடங்கின. கலங்கிய நீரைக் கண்டு அஞ்சும் நாம், தெளிந்த நீரையும் நம்பிவிடக் கூடாது. நம் தோட்டங்களில் உரம் அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்துக் கீழே ஓடும் ஓடையை அளந்து, எண்ணைப் பலகையில் எழுதி மாட்டினால், தோட்டத்துக்கும் பெருமை. லயத்து மக்களுக்கும் நிம்மதி.

ஏனென்றால், இந்த நீரைக் குடிப்பவர்கள் எல்லாரும் சுத்திகரிக்கப்பட்ட குழாய் நீரைப் பெறுபவர்கள் அல்லர். உள்பகுதிகளில் வாழும் செமாய் பூர்வக்குடி மக்களுள் பலர் ஓடை நீரையே குழாய் வைத்து எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆறும் காடும் அவர்களுக்கு வாழ்வாதாரம். மேலே ஒருவர் மருந்து தெளித்த மாலையில், கீழே ஒரு குழந்தை அந்த ஓடையில் குளிக்கலாம். சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் தொல்லை உண்டு. ஆற்று நீர் மிதமிஞ்சிக் கலங்கிவிட்டால் எந்த நிலையமும் திணறும்; குழாயில் நீர் நின்றுவிடும்.

அளவிடும் நேரமும் முக்கியமானது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலையாறுகளில் ஓராண்டில் அடித்து வரப்படும் சேற்றின் பெரும்பகுதி ஒரு சில கனமழை நாள்களிலேயே வந்துவிடுகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை, வெயில் அடிக்கும் ஒரு காலையில், அலுவலர் வந்து ஒரு புட்டி நீர் எடுத்துச் சென்றால், அவர் அளந்தது ஆற்றின் ஓய்வு நேரத்தை. ஆறு வேலை செய்யும் நேரம் மாலை நான்கு மணி, மழை கொட்டும் நேரம். அந்த நேரத்தில் தலைநகரிலிருந்தோ குவாந்தானிலிருந்தோ யாரும் வந்துவிட முடியாது. அங்கேயே இருப்பவர்களால்தான் முடியும்.

அங்கேயே இருப்பவர்களுக்குத்தான் இழப்பும். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கனமழையால் ஏரி நிரம்பி, அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சேறு கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது, வாகனங்களைப் புரட்டிப் போட்டது, உயிர்களையும் கொண்டுபோனது. மறு ஆண்டு நவம்பரிலும் வெள்ளமும் நிலச்சரிவும் இம்மலையில் உயிர்களைப் பறித்தன. ஏரியின் கொள்ளளவைச் சேறு தின்றுவிட்டதையும், ஆற்றின் ஓரத்தில் வீடுகளும் விளைநிலங்களும் நெருங்கிவிட்டதையும் அதன் பிறகு எல்லாரும் பேசினார்கள். அரைநூற்றாண்டாகச் சிறிது சிறிதாக வந்து சேர்ந்த சேறு அது. ஒவ்வொரு மழையிலும் எந்தச் சரிவிலிருந்து எவ்வளவு வந்தது என்ற கணக்கு ஊர்மக்களின் கண்முன்னே இருந்திருந்தால், பேச்சு முன்னதாகவே தொடங்கியிருக்கும் அல்லவா?

சரி, யார் அளப்பது? இங்கேதான் பள்ளிகளைச் சொல்கிறேன். தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட், கம்போங் ராஜா ஆகிய பட்டணங்களில் பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஏதோ ஓர் ஓடையின் அருகிலேயே இருக்கின்றன. கடல் நீரின் தெளிவை அளக்க 1865-ஆம் ஆண்டில் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் பயன்படுத்திய கருவி ஒரு வட்டத்தட்டு. கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். உலகம் முழுவதும் இன்றும் அதே தட்டைத்தான் இறக்குகிறார்கள். ஓடையின் கலங்கலை அளக்க ஒளிபுகும் ஒரு நீண்ட குழலும் அதன் அடியில் ஒரு குறியும் போதும். நைட்ரேட்டுக்கும் அமில காரத் தன்மைக்கும் நிறம் மாறும் காகிதப் பட்டைகள் விற்கின்றன. மழையை அளக்க ஒரு மழைமானி. அறிவியல் ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் படிவம் ஒன்று மாணவர்கூட இவற்றைச் செய்யலாம். ஆனால், மழை நேரத்தில் ஆற்றங்கரைக்கு இறங்கக் கூடாது. பாலத்தின் மேலிருந்து வாளியை விட்டு நீர் எடுக்க வேண்டும். வெள்ளம் ஏறினால் அதுவும் கூடாது.

மாணவர் எடுக்கும் அளவு துல்லியமாக இருக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயம் நியாயமானது. காகிதப் பட்டை காட்டும் எண்ணை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. பூச்சிக்கொல்லியைக் கண்டறிய ஆய்வகம்தான் வேண்டும். அதற்குச் செலவும் அதிகம். ஆனால், ஆய்வகத்தை எங்கே, எப்போது அழைப்பது என்பதைச் சொல்ல வாரந்தோறும் எடுத்த எளிய அளவு உதவும். பத்து ஓடைகளில் ஒன்பது தெளிந்திருக்க, ஒன்று மட்டும் ஒவ்வொரு மழைக்கும் கலங்கினால், எந்தச் சரிவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். தொடர்ச்சியாக எடுத்த எளிய எண்கள், எப்போதோ ஒருமுறை எடுத்த துல்லியமான எண்ணுக்கு இணையாகப் பயன்படும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

இதில் எனக்குத் தயக்கமும் உண்டு. ஒரு மாணவியின் தந்தையே அந்த ஓடைக்கு மேலே காய்கறி பயிரிடுபவராக இருக்கலாம். அவள் எழுதும் எண் அவருக்கு எதிரான சான்றாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்தால், அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். எனவே, தண்டிப்பதற்காக அன்றித் திருத்துவதற்காகவே இந்த அளவுகள் பயன்பட வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஊர்கூடிப் பேசிக்கொள்ள வேண்டும். கால்வாயின் முடிவில் ஒரு சேற்றுக் குழி வெட்டினால், வரப்பில் புல் வளர்த்தால், கூரை நீரைத் தொட்டியில் பிடித்து வறண்ட மாதத்தில் பாய்ச்சினால் ஓடையின் எண் எப்படி மாறுகிறது என்பதை அந்தத் தந்தையே பார்க்கட்டும். மேல் மண்ணை இழப்பது அவருக்கும் நட்டம்தான். உரத்தைக் காசு கொடுத்து வாங்கி ஏரிக்கு அனுப்புவதில் யாருக்கு என்ன இலாபம்?

அரசாங்கத்தின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது. நீர்த்தரக் குறியீட்டோடு நைட்ரேட், பாஸ்பரஸ், பூச்சிக்கொல்லி, கிருமி ஆகியவற்றையும் இம்மலையில் தொடர்ந்து சோதித்து, முடிவுகளை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஊர்ப் பலகையில் ஒட்ட வேண்டும். கனிமவள, புவி அறிவியல் துறை நிலத்தடி நீரை ஆராயும் துறை. அதன் வல்லுநர்கள் எந்தெந்த ஊற்றுகளைக் கவனிக்க வேண்டும் என்று தேர்ந்து கொடுத்தால், கவனிக்கும் வேலையைப் பள்ளிகள் ஏற்றுக்கொள்ளலாம். ஏரிக்குப் பொறுப்பானவர்கள், ஆண்டுதோறும் எவ்வளவு சேறு வந்தது, எவ்வளவு அள்ளப்பட்டது என்ற கணக்கைப் பள்ளி மாணவரும் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் வெளியிடலாம்.

சென்ற பள்ளி விடுமுறையில் பழைய லயத்திற்குப் போயிருந்தேன். பாட்டி இல்லை. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஊற்று இருந்தது, மெல்லிதாக வழிந்துகொண்டிருந்தது. பத்து லிட்டர் வாளி ஒன்றை இரவல் வாங்கி அதன் கீழே வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். வாளி நிறைந்ததும் நேரத்தையும் நாளையும் ஒரு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். வாளிக்குச் சொந்தக்காரரின் மகன், படிவம் இரண்டு மாணவன், "அண்ணா, இது கூடவா கொறைவா?" என்று கேட்டான். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வேறு எண் இல்லை. குறிப்பேட்டை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.